கதவில்லாத ஜீப்

“அப்பா, கடைசியாக் கேக்கறேன். ஜீப்பைக் குடுத்துடலாமா, வேண்டாமா?”

மதன் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று கேட்டான். பின்னாலிருந்து மூன்று தடவை கேட்டாயிற்று. ஜீப்பின் பானெட்டுக்குள் விட்ட தலையை மனுஷர் வெளியே எடுக்கவே இல்லை. பிடிக்காத பேச்சென்றால் ரத்தினவேல் இப்படித்தான்.

“எதுக்குக் குடுக்கோணும்?” என்றார் இப்போது, நாலு வீடு தள்ளிக் கேட்கிற குரலில்.

நஞ்சன்கூட்டில் ஒரு நூல் ஆலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ரத்தினவேல். இப்போது சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குப் போய் பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறார். ராணுவ ஏலத்தில் எடுத்த அந்தக் கதவில்லாத ஜீப்தான் அவருக்குக் கையும் காலும். மதன் பெங்களூரில் வேலையில் இருப்பவன். அப்பாவுக்கென்றே ஏ.சி., பவர் ஸ்டியரிங் எல்லாம் வைத்த புதுக் கார் ஒன்றை வாங்கி, சாமுண்டி மலையில் பூஜையும் போட்டு, அன்றுதான் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஜீப்பைக் கேட்டு மடிக்கேரி எஸ்டேட்காரர் ஒருவர் நாலு மணிக்கு வருகிறார். இப்போதே மூன்றரை.

“அம்மா முதுகைப் பாருங்கப்பா. இனிமே குலுங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இதுல உக்காந்தா நல்ல முதுகே போயிடும்!”

“உங்கம்மா ஒண்ணும் சொல்லலையே!”

அதுதான் மதனுக்கு ஆத்திரம். வாசற்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா சரசு, நியாயமாகப் பார்த்தால் அவன் பக்கம் பேச வேண்டியவள். அவளோ, “ஜீப்பே இருக்கட்டும் கண்ணு. எனக்குப் பழகிப்போச்சு. அப்பாவை விட்டுடு” என்றாள்.

ரத்தினவேல் பானெட்டைத் தட்டினார்.

“இங்க வந்து பாரு. தொறந்தா அத்தனையும் கண்ணுக்குத் தெரியுது. ஒரு ஸ்பானரும் துண்டுக் கம்பியும் இருந்தாப் போதும், நடுக்காட்டுல நின்னாலும் நானே பாத்துக்குவேன். உன்ற காருல தொறந்தா ஒரே பிளாஸ்டிக் மூடி. உள்ள என்ன இருக்குதுன்னு ஆருக்குத் தெரியும்?”

“இப்பல்லாம் வண்டியைத் தொறக்கவே வேண்டியதில்லப்பா.”

“போன மழைக்கு எச்.டி. கோட்டைப் பக்கம் ரெண்டு புது வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. நான்தான் நாலு சக்கரமும் இழுக்கற கியரைப் போட்டு ரெண்டையும் கட்டி இழுத்தேன். ஜீப்பு சீட்டுல உக்காந்தா என்ஜின் என்ன சொல்லுதுன்னு உடம்புக்கே தெரியும் கண்ணு. கையில தெரியும், கால்ல தெரியும்.” சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

மதனுக்குப் பொறுக்கவில்லை. ஜீப்பைப் பற்றியென்றால் இவ்வளவு பேச்சு வருகிறது. வாரா வாரம் போன் பண்ணுகிறானே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து ரிசீவரை வாங்கியிருப்பாரா? எப்போதும் அம்மாதான். ‘அப்பாவுக்குப் போன்ல பேசவே புடிக்காது சாமி’ என்று ஒரு சமாதானம் வேறு. முன்னெல்லாம் தோளில் கைபோட்டுக்கொண்டு மணிக்கணக்காகக் கதையடித்த மனுஷர் அவர்.

“என்னைவிட இந்தத் தகரம் உசத்தியாப் போச்சு, இல்ல?” என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ரத்தினவேல் பதிலே சொல்லவில்லை. துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். பெற்ற பிள்ளை இப்படிக் கேட்டும் ஒரு வார்த்தை வரவில்லை பாருங்கள், என்ன கல் நெஞ்சு!

“சும்மனிரு மதன்!” என்று அதட்டினாள் சரசு. அவள் கண் கலங்கியிருந்தது.

மதன் அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பினான். “ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. புடிக்கலன்னா எஸ்டேட்காரரைத் திருப்பி அனுப்பிடறேன். காரையும் நானே வெச்சுக்கறேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

ரத்தினவேல் மகன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, ஒரே ரவுண்டு” என்று சொல்லிவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

அவர் வருவதற்குள் மதன் காரை ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போட்டான். கண்ணாடிகளை ஏற்றினான். அம்மாவைப் பின்சீட்டில் மெதுவாக உட்காரவைத்து, தான் முன்னால் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ரத்தினவேல் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி டிரைவர் சீட்டில் ஏறினார். சாவியைத் திருகினார்.

கிர்ர்ரீச்!

மதனுக்குப் பல் கூசியது. எதிர்வீட்டு மாதேவி பதறிப்போய் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். ரத்தினவேல் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் பதித்து எதற்கோ காத்திருந்தார். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடியும் திருகினார். மறுபடியும் அதே அலறல்.

“பாத்தியா கண்ணு?” என்று சிரித்தார். “புத்தம் புது வண்டி, ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது!”

என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மதன் பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

“அவருக்குக் காது கேட்டு ரெண்டு வருஷமாச்சு சாமி. ஜீப்புல எல்லாருமே கத்தித்தானே பேசோணும், அதனால ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு” என்றாள் சரசு, புருஷனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, குரலைக் கொஞ்சம்கூடத் தாழ்த்தாமல்.