பதினோரு மணிச் சத்தம்

"இன்னிக்கும் அந்த போன் வந்துருச்சுங்ணா. டாண்ணு பதினோரு மணிக்கு. எடுத்து அலோங்கறேன், பீ... பீ...ன்னு காதுல கத்துது" என்றாள் அன்புச்செல்வி.

அண்ணன் அன்புமணி சிரித்தான். மதுக்கரை பஸ் ஸ்டாப்பில் எஸ்டிடி பூத் வைத்திருப்பவன். தீபாவளிக்குக் கடையில் ஃபேக்ஸ் மிஷின் வாங்கிப் போட்டதிலிருந்து அவனுக்குக் கொம்பு முளைத்திருந்தது.

"அது ஃபேக்ஸ் சத்தம் அம்மணி. ஃபேக்ஸுன்னா முதல்ல ரெண்டு மிஷினும் கை குலுக்கிக்கோணும். அப்பறந்தான் காயிதம் வரும். நம்மூட்டுல மிஷினில்ல. கை குடுக்க ஆளில்லாம அது கத்திப்போட்டுப் போகுது. எவனோ நம்பரைத் தப்பா அமுக்கறான்."

"பத்து நாளாவா தப்பா அமுக்குவாங்க? நமக்கே ஏதாச்சும் வருதோ என்னமோங்ணா."

"நம்மூட்டுக்கு ஃபேக்ஸ் அனுப்ப நாமென்ன மில்லு முதலாளியா? நீ எடுத்தா ரிசீவரை வெச்சுப்போடு."

அன்புச்செல்வி எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் வகுப்பிலேயே இரண்டாவதாகத் தேறியவள். இப்போது நூற்பாலையில் மதிய ஷிப்டு. எத்தனை முறை தலை குளித்தாலும் முடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. போதாக்குறைக்கு வறட்டு இருமல் வேறு. பெங்களூரில் டெலிபோன் கருவி செய்யும் ஒரு கம்பெனிக்குப் புரட்டாசியில் இன்டர்வியூ போய் வந்ததிலிருந்து அவள் தபால்காரரைத்தான் தெய்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ சைக்கிளை விட்டு இறங்காமலே கையை விரித்துவிட்டுப் போவார்.

பக்கத்து வீதி சபுராவும் அதே இன்டர்வியூவுக்குப் போனவள்தான். அவளுக்குப் போன வாரம் ஆர்டர் வந்துவிட்டது. நேற்று போத்தனூரில் ரயிலும் ஏறிவிட்டாள்.

"சபுராவுக்கு வந்துருச்சு. எனக்கு அவ்வளவுதானுங்ணா. நாந்தான் என்னமோ தப்பாப் பதில் சொல்லிப்போட்டேன்."

"சும்மா இரு கண்ணு. அவ ஃபாரத்தை நான் பார்த்தேன். பாதிக் கட்டம் காலி. அவளுக்கே குடுத்தவன் உனக்குக் குடுக்காம எங்க போயிருவான்? உன் ஃபாரம் யாரு நெரப்புனது?"

அதில் அவனுக்குப் பெருமை உண்டு. பூத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ரேஷன் கார்டிலிருந்து லோன் வரைக்கும் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பவன் அவன்தான். 'காலிக் கட்டத்தைப் பார்த்தா ஆபீசர் ஃபாரத்தைக் கெடாசிப்போடுவான்' என்பது அவன் வேதவாக்கு. தாத்தா பேர் தெரியாதவர்களுக்குக்கூட ஒரு தாத்தாவைக் கண்டுபிடித்து எழுதிவிடுவான்.

மறுநாள் காலை பத்தரைக்கு ஃபேக்ஸ் மிஷினைத் துண்டில் சுற்றி, டிவிஎஸ் பிஃப்டியில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"இதெதுக்குடா இங்க?" என்றாள் அம்மா சின்னத்தாயி, கை மாவைத் துடைத்தபடி.

"காயிதத்துல அனுப்பறவன் பேரும் நம்பரும் மேலயே விழும்மா. கூப்புட்டு நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேக்கறேன். பத்து நாளா என் தங்கச்சி நிம்மதியைக் கெடுத்துப்போட்டான்."

போன் வயரைக் கழற்றி மிஷினில் சொருகினான். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பதினோரு மணி. மிஷினில் போன் மணி அடித்தது. பீ... பீ... என்றது. இவன் மிஷின் கிரீச்சென்று பதில் சொன்னது.

"பார்த்தியா, கை குலுக்கியாச்சு."

வழவழப்பான தாள் சுருண்டுகொண்டே வெளியே வந்தது. முதலில் விழுந்தது பெங்களூர்க் கம்பெனியின் பேர். அடுத்த வரியில் 'செல்வி எம். அன்புச்செல்வி, மதுக்கரை.'

"அம்மா, வேலை வந்துருச்சும்மா" என்று கத்தியே விட்டான். சின்னத்தாயி கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்புச்செல்வி மட்டும் கும்பிடவில்லை. தாளைக் கிழித்து, சுருளாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு இங்கிலீஷை வாய்க்குள்ளேயே படித்தாள். முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"என்ன கண்ணு? எப்பச் சேரச் சொல்றாங்க?"

"நேத்தே சேந்திருக்கோணும். பத்து நாளா ஆர்டர் அனுப்புனாங்களாம். நம்ம மிஷின் அதை வாங்கிக்கவே இல்லியாம். எனக்கு விருப்பமில்லைன்னு அடுத்த ஆளை எடுத்துட்டாங்களாம்."

அன்புமணி மிஷினையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நாம எங்க கண்ணு ஃபேக்ஸ் நம்பர் குடுத்தோம்? ஃபாரம் நெரப்புன ஆடி மாசம் நம்மகிட்ட மிஷினே இல்லியே."

"ஃபாரத்துல ஃபேக்ஸ் நம்பர்னு ஒரு கட்டம் இருந்துச்சுங்ணா. ஊட்டு போன் நம்பரையே அதுலயும் எழுதிப்போட்டீங்க."

"அதுக்கு... ஒரு தபால் போட்டிருக்கலாமில்ல?" என்றான்.

அவள் தாளை அவனிடம் நீட்டினாள். அடியில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'ஃபேக்ஸ் எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு மட்டும் ஆர்டர் தபாலில் அனுப்பப்பட்டுள்ளது.'