வாசலில் அடித்த முளை

"எவன் சுகத்துக்குடா என் வாசலில் முளை அடிச்சீங்க?"

வளையில் வாழும் காட்டுப்பன்றி கத்தினாள். ஆப்பிரிக்கப் புல்வெளியில் அவள் மேயப்போன நேரத்தில், சுற்றுலாக்காரருக்கான கூடாரம் ஒன்று எழும்பிவிட்டது. அவள் இனத்தார் வளைக்குள் பின்புறத்தை முதலில் விட்டு, பின்னோக்கித்தான் நுழைவார்கள். வழக்கம்போல நுழையப்போனவளைக் கூடாரத்தின் இரும்பு முளை நறுக்கென்று குத்தியது. உள்ளே மூன்று குட்டிகள் பாலுக்கு அலறின.

"ஒரு சாண் தள்ளி நில்லு," என்றாள் முளையிடம். "சரி, அரைச் சாணாவது?"

"கயிறு இழுத்துப் பிடிச்சிருக்கும்மா. நான் என்ன பண்ண?"

"நான் தொய்ஞ்சா கூடாரம் திட்டும்," என்றது கயிறு.

கூடாரம் தேனாகப் பேசியது. "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா விருந்தாளிக்கு இங்கேயிருந்துதான் சூரியன் மறையுறது அழகாத் தெரியுதாம். உங்க குட்டிங்களும் முன்னாடி வந்து நின்னா, ஆசையாப் படம் எடுப்பார்."

"வாசலை அடைச்சுட்டு, குட்டியை வெளியே கூப்பிடுறியா?"

உள்ளிருந்து விருந்தாளியின் குறட்டை கேட்டது.

"ஓகோ! இவ்வளவு நேரம் ஆள் தெரியாம எடுபிடிகளோட பேரம் பேசிட்டேனே!"

கோரைப்பல்லால் கூடாரத்துணியை நீளக் கிழித்துத் தலையை உள்ளே நீட்டினாள்.

"யோவ், எழுந்திரு! வந்து உன் கையாலயே அந்த முளையைப் பிடுங்கு. இப்பவே பிடுங்கு!"