ரிசீவரை எடுத்தாலே போதும்

"மேல் வீட்டுல ரிசீவரை எடுத்த உடனே, நம்பர் எதுவும் அழுத்தாமலே கீழ என் போன் அடிக்கணும். முடியுமா தம்பி?"

ஏணியில் நின்றிருந்த போன் மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். கேட்டது வீட்டுச் சொந்தக்காரி. தெருவில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பேர். எந்த வீட்டில் தாளித்தாலும் இவள் தும்முவாள்.

"முடியும்க்கா. ஆனா அப்படி வச்சா மேல குடியிருக்கிறவங்க வேற யாருக்கும் பேச முடியாதே?"

"பேச வேண்டாம். மேல பேசுறது எனக்குக் கேக்கணும். நான் இங்க இருமினாக்கூட அங்க கேக்கக் கூடாது. மேல் போன்ல மணி அடிக்கவே கூடாது."

அவனுக்கு மலைப்பாக இருந்தது. இன்டர்நெட் லைனில் சாதாரண போனைப் பேச வைக்கும் இந்த அடாப்டர் பெட்டிகளை அவன் மாட்டாத வீடு இல்லை. குடியிருப்பவர்களை ஒட்டுக் கேட்பதற்கென்றே போன் கேட்ட புண்ணியவதியை இப்போதுதான் பார்க்கிறான்.

வழி சொன்ன மளிகைக்கடைக்காரர் அப்போதே எச்சரித்தார். "ரேடியோ வீட்டுக்கா? வாயைத் திறக்காம வேலையை முடிச்சிட்டு வந்துடுங்க. இல்லேன்னா உங்க வீட்டுச் சண்டை சாயங்காலம் என் கடைக்கு வந்துடும்."

கீழே ஒரு அடாப்டரை ரவுட்டரோடு இணைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். புருஷன் பளபளவென்று ஷூ போட்டு ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"எதுக்குங்க இந்தப் போன்?"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள், கைப்பிடியைப் பிடித்தபடி முக்கி முனகி ரேடியோ அக்கா மேலே வந்து சேர்ந்தாள்.

"முட்டி வலி உயிர் போகுதுப்பா. தண்ணி வருதா, மோட்டாரை நிறுத்தவான்னு கேக்க எத்தனை தடவைதான் ஏறுறது? இனிமே நீங்களே இதை எடுத்துச் சொல்லிடுங்க."

"நல்லதாப் போச்சு. இனிமேலாவது ஓயாம வந்து எட்டிப் பார்க்க மாட்டீங்க." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் புருஷன் இறங்கிப் போனான். பின்னால் நின்ற பெண்டாட்டி அவன் குடித்து வைத்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தங்கமான மனுஷன், இதையும் சிரித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறானே என்று மெக்கானிக்குக்குப் பரிதாபமாக இருந்தது.

சமையலறைச் சுவரில் கைக்கு வசதியான உயரத்தில் போனை மாட்டப் போனான்.

"அங்க வேணாம். அலமாரிக்குப் பக்கத்துல, தரையை ஒட்டி வை."

"யாருக்கா குனிஞ்சு எடுப்பாங்க?"

"சொன்னதைச் செய் தம்பி. நான் கீழ போய் உக்காந்துக்கறேன், அடிக்குதான்னு பார்க்கலாம்."

ஒளித்து வைக்கிற சாமர்த்தியம் வேறா! இந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு வேண்டுமா என்று அவனுக்கு மனசு அடித்துக்கொண்டது. அவள் இறங்கியதும் அந்தப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சி, என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க. இந்தப் போனைத் தொடாதீங்க. எடுத்தா நேரா கீழதான் அடிக்கும். நீங்க பேசுறது எல்லாம் அவங்களுக்குக் கேக்கும்."

"தெரியும்ணே. நான்தான் அக்காகிட்ட கேட்டேன்."

அவன் முழித்தான்.

"கை எட்டுதான்னு பார்த்துக்கறேன்" என்று அவள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். முழங்காலை மடக்கி, முகத்தைப் புதைத்து, ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டாள். இன்னொரு கை, பார்க்காமலே, தேடாமலே போய் ரிசீவரைத் தட்டிவிட்டது.

அந்த மூலைக்கு அவள் புதிது இல்லை. 

கீழே மணி அடித்தது. நின்றது. அடுத்த நிமிஷம் மாடிப்படி தடதடவென்று அதிர்ந்தது. முட்டி வலிக்காரி மூச்சு வாங்காமல் வாசலில் நின்றாள், கையில் ஒரு காலிக் கிண்ணம்.

"கண்ணு, கொஞ்சம் சர்க்கரை இருக்கா?"

தெருவுக்கே கேட்கிற குரல். கண் மட்டும் அந்தப் பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தது. பிறகு குரல் இறங்கியது. "எழுந்திரும்மா. சரியா அடிக்குது."

கீழே வந்து சாமான்களைப் பையில் போட்டான். அக்கா என்று கூப்பிட்டவன் வாயில் இப்போது அம்மா என்றுதான் வந்தது.

"போலீஸுக்குப் போகலாமேம்மா?"

"போகத்தான் போறா. அவ கூடப் பிறந்த அக்கா ஊர்ல இவளுக்கு ஒரு வேலை பார்த்தாச்சு, அடுத்த வாரம் அந்த அக்காவே வந்து கூட்டிட்டுப் போறா. புகார் கொடுக்கறது அங்க போய்த்தான்னு அவளே முடிவு பண்ணிட்டா. அதுவரைக்கும் அவ உடம்பு முழுசா இருக்கணுமில்ல?"

"நீங்க இப்படிப் போய் நிக்கிறப்பல்லாம் அவ புருஷன் ஓங்கின கையை இறக்கிடுவானா?"

"வெளி ஆள் முன்னாடி அவன் ரொம்ப நல்லவனாச்சே."

அவனுக்கு இன்னும் ஒன்று உறுத்தியது. "சண்டை போடுற நேரமாப் பார்த்துக் கிண்ணத்தோட வர்றீங்களே, அவனுக்குச் சந்தேகம் வராதாம்மா?"

ரேடியோ அக்கா சிரித்தாள்.

"வம்புக்காரி எட்டிப் பார்த்தா யாருக்குப்பா சந்தேகம் வரும்? அந்தப் பேரை வாங்கத்தானே, இவளோட அழுகை முதல்ல காதுல விழுந்த நாள்ல இருந்து, இந்தத் தெருவுல ஒரு வீடு விடாம வம்பளந்துக்கிட்டு இருக்கேன்!"