கெஸ்ட்னர் தேற்றம்

ஜெர்மனியின் பெரும் கணித மேதை கெஸ்ட்னரின் எழுபதாவது பிறந்தநாளன்று, அவருடைய தேற்றம் பொறித்த பளிங்குக் கல்லைப் பல்கலைக்கழக வாசலில் திறக்கவிருந்தார்கள். விழாவுக்குச் சற்று முன் அவருடைய பழைய மாணவி ஹெட்விக் அவரது அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“உங்க தேற்றம் தப்பு சார். அதுக்கு அடங்காத ஒரு எண் கிடைச்சிருக்கு.”

“சொல்லு.”

அவள் சொன்னாள். கெஸ்ட்னர் கண்களை மூடி மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா எனக்கே அகப்படலையே. எப்படிப் பிடிச்சே?”

“விழா முடியட்டும். அப்புறமா வெளியே சொல்லிக்கறேன்.”

“கல்லைத் திறந்த பிறகா?”

மேடையேறியதும் அவர் பாராட்டுரைகளை நிறுத்தச் சொன்னார். “என் தேற்றம் பொய். அதைக் கண்டுபிடித்தவர் இவர்” என்று ஹெட்விக்கின் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு, கீழே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். மேடையிலிருந்த கரும்பலகையில் அவள் எழுதி முடித்தபோது முதலில் உயர்ந்தது கெஸ்ட்னரின் கைதான்.

“இதே மாதிரி அடுத்த எண் எங்கே இருக்கும்?”

“இன்னும் தெரியல சார்.”

விழாவுக்காகப் போட்டிருந்த கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, அவர் கரும்பலகையை நோக்கி நடந்தார்.