ராயப்பனின் இழுவை வண்டி

பருத்திப்பட்டு பாலத்து மேட்டில் வண்டி மூன்றாவது முறையாக நின்றது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது, கூடவே ஏதோ கருகும் வாடை.

"கிளச்சு பிளேட்டு பூட்ச்சு" என்று ராயப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாடையை வைத்தே வியாதியைச் சொல்கிற அளவுக்கு அந்த வண்டி அவனைப் படிக்க வைத்திருந்தது.

மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பெரிய பிக்கப் அது. ஆறு சிலிண்டர்; பானெட்டின் மேல் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். பின்னால் கொக்கியும் சங்கிலியும் மாட்டி, கதவில் 'ராயப்பன் பிரேக்டவுன் சர்வீஸ்' என்று சிவப்பில் எழுதி, கீழே பக்கத்து மருந்துக்கடையின் பி.பி. நம்பரையும் போட்டபோது, பட்டாபிராமிலேயே தன்னை விட்டால் ஆளில்லை என்றுதான் நினைத்தான். அந்த நம்பருக்கு இதுவரை அதிகம் போன் செய்தவனும் அவன்தான். நடுரோட்டில் நின்றுகொண்டு, தன் வண்டியை இழுக்க யாரையாவது அனுப்பச் சொல்லி.

போன வாரம்தான் வாட்டர் பம்ப்பை மாற்றி, ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்து, பிளக்கையெல்லாம் தேய்த்து மாட்டினான். மனைவி லூர்தம்மாள் அரிசி களைந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு மட்டும் வாரா வாரம் எண்ணெ. எனக்குத் தலவலின்னா ஒரு தபா தைலம் வாங்கினு வந்துகிறியா நீ?"

இன்று காலை தீர்த்தே சொல்லிவிட்டாள். "ஒரே ஒரு வண்டிய நின்னு நின்னு போவாம ஒழுங்கா இழுத்துகினு போய்ச் சேத்துடு, இந்த வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும். இல்லன்னா வித்துட்டு ஊட்டுக்கு நடந்து வா." மாதா படத்துக்கு முன்னால் நின்று, சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

அந்த ஒரே ஒரு வண்டி இப்போது சங்கிலியின் மறுமுனையில் நின்றது. காட்டுப்பாக்கத்தில் கியர் பாக்ஸ் போய் நின்ற டிரைவிங் ஸ்கூல் கார். சின்னக் கார்தான், எல் போர்டு, இரண்டு பக்கமும் பெடல், கிளம்பும்போது பார்த்தால் பிள்ளைப்பூச்சி மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் ஞானகுமாரி. இன்று அவளுக்கு எட்டாவது நாள் பாடம். பக்கத்தில் மாஸ்டர் துலுக்கானம்.

கிளம்புமுன் மாஸ்டர் அவளுக்குத் தைரியம் சொன்னதை ராயப்பனும் கேட்டான். "கட்டி இழுக்கறதும் ஒரு பாடந்தாம்மா. நீ ஸ்டியரிங்க மட்டும் புடி, மீதிய நான் பாத்துக்கறேன். பதினெட்டு வருசத்துல என் வண்டி எங்கியும் மோதனதே கெடையாது."

இப்போது மாஸ்டர் கண்ணாடி வழியே தலையை நீட்டினார். "இன்னா நைனா, தயிர்க்காரம்மா நடந்தே நம்மளத் தாண்டிக்கினு போவுது."

"ஏத்தம் அண்ணாத்தே. எறக்கத்துல பாருங்க, எப்டிப் போவுதுன்னு."

ரேடியேட்டருக்குக் கூவத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி கிளப்பினான். இறக்கமும் வந்தது. இறக்கத்திலும் முதல் கியரில் உறுமி உறுமித்தான் வண்டி இழுத்தது. ராயப்பனுக்கு மானமே போயிற்று. இறக்கத்தில் இழுக்கத் திணறும் வண்டியை உலகத்திலேயே தான் ஒருவன்தான் வைத்திருப்பதாகத் தோன்றியது.

"இத்த வச்சிகினு எதுக்கு நைனா கஷ்டப்படறே? வித்துடு" என்று பின்னாலிருந்து மாஸ்டர் கத்தினார்.

ஆவடியில் செங்கல்வராயன் ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. ஒரு வருஷமாக அந்தப் பிக்கப்பை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் செங்கல்வராயன். ராயப்பனைப் பார்த்தாலே அதைத்தான் கேட்பான்.

"இன்னாபா, இன்னிக்காச்சும் மனசு வந்துச்சா?"

ராயப்பன் சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்தான். "எடுத்துக்க. ஒரு கொழந்த கார இழுக்கத் துப்பில்ல இதுக்கு. இத்த நம்பி போர்டு எழுதனேன் பாரு, என்னச் சொல்லணும்."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாதா மேல சத்தியம். மாற மாட்டேன்."

"நல்ல முடிவு நைனா. எஞ்சின்ல தம்மே இல்ல" என்று மாஸ்டர் காருக்குள்ளிருந்தபடியே ஆமோதித்தார்.

செங்கல்வராயன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பட்டனும் போட்டுவிட்டான். அந்த நிமிஷமே ஒரு ஆளை அனுப்பி, கதவிலிருந்த பெயரைத் தின்னர் போட்டு அழிக்கச் சொன்னான். ராயப்பனால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சங்கிலியைக் கழற்றினான். வீட்டுக்கு நடந்துதான் போக வேண்டும், லூர்தம்மாள் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் சொன்னதுதானே நியாயம்.

"தள்ளுங்கபா, கார உள்ள உட்டுடலாம்" என்றான் செங்கல்வராயன்.

ஷெட்டு ஆட்கள் இரண்டு பேர் தள்ளினார்கள். கார் அசையவில்லை. செங்கல்வராயனும் வந்து கைவைத்தான், அசையவில்லை. கடைசியாக ராயப்பனும் தோள் கொடுத்துப் பார்த்தான். இருந்த இடத்தைவிட்டு ஒரு அங்குலம் நகரவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஞானகுமாரி இடப்பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர், காட்டுப்பாக்கத்துல வெச்ச காலை இப்பவாவது பிரேக்லேர்ந்து எடுங்க."