இடது பக்கம் இழுக்குது

"ஏனுங்க பாய், மோதின சுவடே தெரியாம சரி பண்ணிர முடியுமுங்களா? அஞ்சு மணிக்குள்ள வேணும்."

அப்துல் சலாம் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டில் இருபது வருடமாக வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவர். காரின் முன்பக்க இடது சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, ரிம்மின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"எதுல சார் மோதுனீங்க?"

"ஐயோ, மோதறதெல்லாம் இல்லைங்க. வாய் தவறிச் சொல்லிட்டேன். நேத்து சாயந்தரம் ஒரு பள்ளத்துல இறங்கிருச்சு. அதுலருந்து இடது பக்கமா இழுக்குது," என்றார் சிவபிரகாஷ்.

சலாம் டயரின் பக்கவாட்டைக் காட்டினார். "இங்க மஞ்ச பெயிண்டு ஒட்டியிருக்குது பாருங்க. பள்ளத்துக்கு யாரும் பெயிண்டு அடிக்கறதில்லைங்க."

சிவபிரகாஷின் முகம் சுருங்கியது. நாற்பத்தைந்து வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொள்வது, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டதைவிடக் கேவலமாக இருந்தது.

"பிளாட்பாரத்துல ஏறிருச்சுங்க."

"ஏறிருச்சா, ஏத்துனீங்களா?"

"ஏத்துனேன்."

அதை ஒப்புக்கொண்டதும் மிச்சமும் வாயிலிருந்து வந்துவிட்டது. கார் அவருடையது அல்ல. மாமனார் தங்கமுத்துவுடையது. மாமனார் ஒரு காலத்தில் ரிக் லாரியை மத்தியப் பிரதேசம் வரை ஓட்டிப்போய் போர்வெல் போட்டவர். இப்போது நான்கு ரிக்குக்கு முதலாளி. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் மாப்பிள்ளை கேட்டு எதையும் இல்லையென்று சொன்னதில்லை, கார் சாவியைத் தவிர. "மாப்பிள்ளைக்கு எல்லாம் வரும், வண்டி மட்டும் வராது" என்று விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரிப்பார். பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிய அன்றுதான் மனம் இளகி முதல் முறையாகச் சாவியை நீட்டினார். இன்று மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வருகிறார். ஸ்டியரிங்கைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் விருந்துகளில் கதைக்குப் பஞ்சமிருக்காது.

"எப்படிங்க ஏத்துனீங்க?"

"மாமா ஒத்தைக் கையில வளைப்பாருங்க. அதே மாதிரி வலது கையை சன்னல்ல போட்டுக்கிட்டு, இடது கையில வளைச்சுப் பார்த்தேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதைதான்."

சலாம் சிரிக்கவில்லை. சிவபிரகாஷுக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

காரைத் தூக்கிப் பார்த்ததில், சக்கரத்தைத் திருப்பும் டை ராடு வளைந்திருந்தது. சலாம் அதை மாற்றினார். ரிம்மை நிமிர்த்தினார். மிஷினில் ஏற்றி, திரையில் எல்லா எண்ணும் பச்சைக்கு வரும்வரை திருகினார்.

"ஓட்டிப் பாருங்க சார்."

சிவபிரகாஷ் ஒரு சுற்றுப் போய் வந்தார். "இன்னும் இழுக்குது பாய்."

"அப்படீங்களா? முன்டயர் ரெண்டையும் இடம் மாத்திப் போடறேன். டயர்ல கோளாறுன்னா இழுப்பு வலது பக்கம் மாறிரும்."

மாற்றியும் இடது பக்கம்தான் இழுத்தது. மணி மூன்றரை ஆகிவிட்டது.

"மிஷின்ல பச்சை வந்தாப் போதுங்களா? எதையும் கையில தொட்டுப் பார்த்தாத்தான் கோளாறு தெரியும்," என்று சிவபிரகாஷ் சலாமுக்கே தொழில் சொல்லிக்கொடுத்தார். சொல்லி முடித்ததும் பிளாட்பாரம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

சலாம் கோபித்துக்கொள்ளவில்லை. சாவியை வாங்கி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, தானே ஓட்டினார். வெறிச்சோடிக் கிடந்த சர்வீஸ் ரோட்டில் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கார் நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று.

"இப்ப நீங்க ஓட்டுங்க."

சிவபிரகாஷ் ஓட்டினார். நூறடி போவதற்குள் கார் இடது பக்கம் ஒதுங்கியது. சலாம் ரோட்டைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க சார். வண்டி மேல குத்தமில்லைங்க. உங்க இடது கை ஸ்டியரிங்கைப் பிடிக்கலை, அதுல தொங்குது. அந்தக் கனத்துலதான் இழுக்குது. கையை மேல தூக்குங்க பார்க்கலாம்."

மார்பு வரை வந்த கை அதற்கு மேல் வர மறுத்தது. சிவபிரகாஷ் பல்லைக் கடித்தார்.

"பிளாட்பாரத்துல ஏறுனப்ப ஸ்டியரிங் வெட்டி இழுத்திருக்கும். தோள்ல நல்ல அடிங்க. நேத்திருந்து உங்களுக்குத் தெரியலைங்களா?"

"சுளுக்குன்னு நெனச்சேன். தைலம் தேச்சேன்."

அதைச் சொல்லும்போது அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா?" என்றபடி சலாம் காரைக் கடைக்குத் திருப்பி ஓட்டி வந்தார். "வண்டியை நானே கொண்டாந்து உங்க மாமனார் ஊட்டுல உட்டுடறேன். அவருக்குத் தெரியாது. நீங்க முதல்ல கையைக் காட்டுங்க. போன வருஷம் என் சம்சாரம் மஸ்தான் பீவி வழுக்கி உழுந்து தோள்பட்டை எறங்கிருச்சு. கடையை உட்டு எனக்கு நகர முடியலை, மவன்தான் சேலம் ரோட்டுல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். எக்ஸ்ரே எடுக்கறதுக்கு முந்தியே, தொட்டுப் பார்த்துச் சொல்லிப்போட்டாராம்!"

மேசை இழுப்பறையைக் குடைந்து, மடங்கிப்போன ஒரு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். "பேரு வாயில வரலைங்க. இதுல போட்டிருக்குது. கண்ணை மூடிக்கிட்டு இவருகிட்ட போங்க, இவருக்குத் தெரியாத எலும்பே கெடையாது."

சிவபிரகாஷ் அதை வலது கையால் வாங்கிப் பிரித்தார். சீட்டின் தலைப்பில், மூன்று பட்டங்களுக்கு முன்னால், அவருடைய சொந்தப் பெயர்தான் அச்சாகியிருந்தது.