ஒன்பதாவது வீட்டின் பாத்ரூம்

"பாத்ரூம்ல எதுக்குங்க காலண்டர்?"

வாசலில் நின்று கேட்டாள் டீச்சர். உள்ளே ஸ்டூல் மேல் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தார் அவள் கணவர். வங்கியில் கேஷியர்.

"சுவர் ஓதம் ஏறிக் கிடக்கே, அதை மறைக்கத்தான்."

"குளிக்கிறவன் தேதி பாத்துட்டா தண்ணி ஊத்திப்பான்? நாலு டைலும் ஒரு குழாயும் மாத்தினா தீர்ந்துபோற வேலை. கொத்தனாரைக் கூப்பிடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"வீடு வாங்க வர்றவங்க ஹாலைப் பாப்பாங்க, சமையலறையைப் பாப்பாங்க. குளிச்சுப் பாத்தா வாங்குவாங்க? எல்லாம் சின்னச் சின்னக் குறைதானே!"

சின்னச் சின்னக் குறைதான். குழாய் சொட்டியது. அதில் ஒரு நூலைக் கட்டி, சொட்டு சத்தம் போடாமல் இறங்கிப் போக வழி பண்ணியிருந்தார். விரிசல் விட்ட டைலின் மேல் வாளி. பழைய ஆணி ஓட்டைகளில் டூத்பேஸ்ட். துண்டு போடும் கம்பி தொட்டால் கையோடு வந்துவிடும் என்பதால் துண்டே போடவில்லை.

டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி நாலு மாதம். வீடு விற்கிற வரை அவர் இங்கே, அவள் அங்கே, வாரக் கடைசியில் பஸ்ஸில். இதுவரை வந்த நாலு பேரும் பாத்ரூமை எட்டிப் பார்த்துவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போனார்கள். இன்னமும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் போல.

பத்தரை மணிக்கு ஐந்தாவது ஆள் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கூடவே அவர் மனைவி.

அவர் ஜன்னல்களைத் திறந்து மூடினார். சுவரைத் தட்டினார். மனைவி பின்னாலேயே வந்தாள். எல்லாம் பார்த்து முடிந்ததும் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"பாத்ரூம்?"

கேஷியர் கைகாட்டினார். அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

கடைக்காரர் சோபாவில் சாய்ந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். இவ எப்பவும் இப்படித்தான். இது ஒன்பதாவது வீடு. எட்டு வீட்லயும் பாத்ரூமுக்குள்ள போனா, வெளிய வந்தா, வேண்டாம்னுட்டா. காரணமும் சொல்ல மாட்டா. பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பா போலிருக்கு!"

கேஷியருக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்குப் போகலாம் என்றால் பாத்ரூமும் காலியாக இல்லை.

ஐந்து நிமிடம் ஆனது. உள்ளே ஏதோ நகர்கிற சத்தம்.

"வாளியை நகர்த்திட்டாங்க," என்று டீச்சரின் காதில் கிசுகிசுத்தார் கேஷியர்.

பத்து நிமிடம். சத்தமே இல்லை.

"காலண்டரைத் தூக்கிப் பாக்கறாங்களோ?"

"சும்மா இருங்க."

கடைக்காரர் எழுந்தார். "இருங்க, கதவைத் தட்டிட்டு வர்றேன்."

"விடுங்க சார்," என்று குறுக்கே வந்தாள் டீச்சர். "நிதானமாப் பாத்துட்டு வரட்டும். டீ ஆறிடும், குடிங்க."

பதினைந்தாவது நிமிடம் மறுபடி எழுந்தார். பிஸ்கட் தட்டை நீட்டி உட்காரவைத்தாள்.

இருபதாவது நிமிடம் அவரோடு கேஷியரும் சேர்ந்து எழுந்தார். டீச்சர் தன் கணவரை முறைத்தாள். இரண்டு ஆண்களும் உட்கார்ந்தார்கள்.

இருபத்தைந்தாவது நிமிடம் கதவு திறந்தது.

கேஷியரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அம்மா, உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். குழாய் சொட்டும். காலண்டருக்குப் பின்னால சுவர் பச்சையா இருக்கும். கம்பியைத் தொட்டா கையோட வந்துடும். ஓட்டையில இருக்கறது டூத்பேஸ்ட். எல்லாத்தையும் சரி பண்ணித் தந்துடறேன். இந்த வாரமே!"

அவள் திருதிருவென்று விழித்தாள். "அப்படியா? நான் ஒண்ணையும் கவனிக்கலையே!"

"கவனிக்கலையா? அப்ப இவ்வளவு நேரம் உள்ள என்னம்மா பண்ணீங்க?"

"வாளியைக் கவுத்துப் போட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன்."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "இந்த வீடு பிடிச்சிருக்குங்க. பேசி முடிச்சிடுங்க."

கடைக்காரர் வாயைப் பிளந்தார். "அடிப்பாவி! எட்டு வீட்லயும் பாத்ரூம் பளிங்கு மாதிரி இருந்துச்சு. அதெல்லாம் வேண்டாம். கம்பி கையோட வர்ற வீடு பிடிச்சிருக்கா?"

"நம்ம வீட்ல பதினோரு பேருக்கு ஒரே பாத்ரூம். கல்யாணமாகிப் பன்னண்டு வருஷமா, நான் உள்ள போன ரெண்டாவது நிமிஷம் யாராவது கதவைத் தட்டிடறாங்க. இனிமே போற வீட்லயாவது பத்து நிமிஷம் நிம்மதியா உட்கார முடியுமான்னுதான் ஒவ்வொரு வீட்லயும் உட்கார்ந்து பாத்தேன். இன்னிக்குத்தான் முடிஞ்சது."

"நல்லா இருக்கு கதை! தனியா வரப்போறது நீ, நான், நம்ம பொண்ணு, மூணே பேரு. அந்த எட்டு வீட்லயும் யாரு வந்து உன் கதவைத் தட்டப் போறாங்க?"

அவள் நிதானமாகச் சொன்னாள்.

"எட்டு வீட்லயும் வந்து தட்டினது நீங்கதான்."